எந்தக் கோவையை மூடி வைக்கலாம்?
பிரதேச சபைப் பதிவேடுகளும் இடம்பெயர்ந்த கமக்காரரின் உரிமையும்

"அது கந்தோர் விடயம், வெளியாருக்குக் காட்ட முடியாது." பிரதேச சபைக்கோ பிரதேச செயலகத்துக்கோ அலுவலாகச் சென்ற எமது மக்களுள் இந்த வசனத்தைக் கேளாதவர்கள் மிகக் குறைவு. கேட்டவுடன் திரும்பி வருவதே எமது வழக்கமாகவும் இருந்து வந்துள்ளது. கோவை என்பது அரசாங்கத்தின் சொத்து, அதைப் பார்க்கக் கேட்பது அதிகாரியைச் சந்தேகிப்பதாகும் என்ற எண்ணம் எம்முள் ஆழமாக ஊறிப்போயுள்ளது.

ஊரை விட்டு ஒருமுறையோ பலமுறையோ எழும்பிய குடும்பங்களுக்கு இந்த எண்ணத்தால் ஏற்படும் நட்டம் பெரிது. உறுதி எரிந்துவிட்டது, அனுமதிப்பத்திரம் வழியில் தவறிவிட்டது, வரி கட்டிய பற்றுச்சீட்டு இல்லை. எமது கையில் இல்லாத இந்தக் கடதாசிகளின் சுவடு ஏதாவது ஒரு கந்தோரின் அலுமாரியில் இருக்கக்கூடும். எனவே எந்தப் பதிவேட்டை மறைத்து வைக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது, எதை மறைக்க இடங்கொடுக்கவில்லை என்பதை நாம் திட்டமாக அறிந்திருக்க வேண்டும். மறைக்கக்கூடியவை சில, அவற்றுட் சில எமது நன்மைக்காகவே மறைக்கப்பட வேண்டியவை. ஆனால் நடைமுறையில் மறைக்கப்படுபவை அதைவிடப் பல மடங்கு. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2015இல் நிறைவேறிய 19ஆவது திருத்தத்தின் மூலம் தகவலைப் பெறும் உரிமை அரசியலமைப்பின் 14அ உறுப்புரையாகச் சேர்க்கப்பட்டது. அதனைச் செயற்படுத்தும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. அமைச்சு, திணைக்களம், மாகாண சபை என்பவற்றுடன் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகிய உள்ளூராட்சி மன்றங்களும் இதற்குக் கட்டுப்பட்டவை. வேறு எந்தச் சட்டமாவது இதனுடன் முரண்பட்டால் இச்சட்டமே மேலோங்கும்.

இச்சட்டத்தின் அடிப்படை எளிது. கந்தோரின் கைவசம் உள்ள எந்தத் தகவலையும் பிரசை கேட்டுப் பெறலாம் என்பதே பொது விதி. கொடுக்க மறுப்பது விதிவிலக்கு. அந்த விதிவிலக்குகள் 5ஆம் பிரிவில் பதினான்கு பந்திகளாகச் சொல்லப்பட்டுள்ளன. அந்தப் பட்டியலில் இல்லாத காரணத்தைக் கூறி எந்த அதிகாரியும் மறுக்க முடியாது. "மேலிடத்து உத்தரவு", "தவிசாளர் இல்லை", "கணக்காய்வு நடக்கிறது", "உங்களுக்கு இது எதற்கு?" என்பவை அந்தப் பட்டியலில் இல்லை. தகவலைக் கேட்பவர் காரணம் கூறத் தேவையில்லை என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது.

பதினான்கில் சில எமது பிரதேச சபைக் கந்தோருடன் எவ்விதத் தொடர்பும் அற்றவை. முடிவெடுக்கப்படாத அமைச்சரவைப் பத்திரம், நடைபெறும் பரீட்சையின் நம்பகத்தன்மை, தேர்தற் சட்டங்கள் இரகசியமாக வைக்கச் சொல்லும் விடயங்கள், நாணயமாற்று விகிதம் போன்ற பொருளாதாரத் தீர்மானங்கள், பாராளுமன்ற, மாகாண சபைச் சிறப்புரிமைகள் ஆகியவை சந்தைக் குத்தகைக் கோவைக்குள்ளோ வீதிப் பதிவேட்டுக்குள்ளோ இருக்கப்போவதில்லை. எஞ்சியவற்றுள் எமது கிராமங்களில் எழக்கூடியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

தனிப்பட்ட தகவல்

மிக அதிகமாகச் சொல்லக்கூடிய காரணம் இது. பொது நடவடிக்கையுடனோ பொது நலனுடனோ தொடர்பற்ற தனிப்பட்ட தகவலையும், வெளியிட்டால் ஒருவரின் அந்தரங்கத்தில் நியாயமின்றித் தலையிடுவதாக அமையும் தகவலையும் மறுக்கலாம். ஆயினும் பரந்த பொதுநலன் வேண்டும்போதும், உரியவர் எழுத்தில் சம்மதித்தபோதும் இந்தத் தடை நீங்குகிறது. ஒருவரின் மருத்துவப் பதிவுகள் தனிப் பந்தியாகவே காக்கப்பட்டுள்ளன.

இந்த விலக்கை நாம் எதிர்க்கக் கூடாது. இடம்பெயர்ந்த மக்களைப்போல் தமது வாழ்க்கையைப் படிவங்களில் எழுதிக் கொடுத்தவர்கள் வேறு யார்? நலன்புரி நிலையப் பதிவில், மீள்குடியேற்றப் பதிவில், வீட்டுத்திட்ட விண்ணப்பத்தில் எல்லாம் எழுதினோம். கணவன் எங்கே, பிள்ளை எங்கே, யாருக்கு என்ன நோய், யார் தனியாக இருக்கும் பெண் என்பதெல்லாம் அந்தக் கடதாசிகளில் உள்ளன. அவற்றை எவரும் கேட்டுப் பெறலாம் என்றால் முதலில் பாதிக்கப்படுவது எமது வீடுகளே. பெண் தலைமை தாங்கும் குடும்பங்களின் முகவரிப் பட்டியல் சந்தியில் உள்ளவன் கையில் கிடைப்பது உரிமை ஆகாது, ஆபத்தாகும்.

ஆனால் இதே விலக்கைக் காட்டி வீட்டுத்திட்டப் பயனாளிகளின் பெயர்ப்பட்டியலையே மறுப்பது வேறு விடயம். பொதுப் பணத்தில் யாருக்கு வீடு, எத்தனை புள்ளியில் வீடு, யார் பெயர் ஏன் நீக்கப்பட்டது என்பவை பொது நடவடிக்கையைச் சேர்ந்தவை. 2023இல் அஸ்வெசும கொடுப்பனவுக்குத் தெரிவானோரின் பெயர்ப்பட்டியலை அரசாங்கமே பகிரங்கப்படுத்தி மேன்முறையீடுகளையும் ஆட்சேபனைகளையும் கோரியது. அதே நியாயம் வீட்டுக்கும் மலசலகூடத்துக்கும் கிணற்றுக்கும் பொருந்தாதா?

எமது கருத்துப்படி எல்லை இதுதான்: பெயர், கிராமம், பெற்ற புள்ளி, எடுத்த முடிவு, கொடுத்த தொகை என்பன வெளியே வரவேண்டும். நோய், வங்கிக் கணக்கிலக்கம், தேசிய அடையாள அட்டை இலக்கம், குடும்பத்தின் துயரம் என்பன உள்ளே இருக்க வேண்டும். இவை இரண்டும் ஒரே தாளில் இருப்பதால் தாளையே தரமுடியாது என்று சொல்ல இடமில்லை. விலக்குக்கு உட்பட்ட பகுதியை நீக்கிவிட்டு மிகுதியைக் கொடுக்க வேண்டும் என்று 6ஆம் பிரிவு கூறுகிறது. ஒரு நிரலை மறைத்துப் பிரதி எடுப்பது பெரிய வேலையன்று.

இன்னொன்று. உங்களைப் பற்றிய தகவலை நீங்களே கேட்கும்போது, உங்கள் அந்தரங்கத்தைக் காப்பதாகக் கூறி உங்களுக்கே மறுப்பது பொருளற்றது. உங்கள் விண்ணப்பக் கோவையில் அதிகாரி எழுதிய குறிப்பை நீங்கள் கேட்கலாம்.

ஒப்பந்தங்களும் வியாபார இரகசியமும்

மூன்றாம் ஆளின் போட்டி நிலைமைக்குத் தீங்கு செய்யும் வர்த்தக இரகசியத்தை மறுக்கலாம். இதற்கும் பொதுநலன் என்ற மறுபக்கம் உண்டு. நம்பிக்கையின் பேரில் மூன்றாம் ஆள் கொடுத்த தகவலுக்கும், அவர் சம்மதியாதபோது, ஒரு விலக்கு உண்டு. கேள்விப்பத்திரங்கள் திறக்கப்படுமுன் ஒருவரின் விலையை மற்றவருக்குச் சொல்லலாகாது என்பதை எவரும் ஒப்புக்கொள்வர்.

ஆனால் ஒப்பந்தம் வழங்கப்பட்டு, கிரவல் பறித்து, மதகு கட்டிப் பணமும் கொடுத்த பின் அந்தத் தொகை எவருடைய இரகசியம்? வாய்க்காலை மறித்துப் போட்ட வீதியால் வயலில் நீர் தேங்கும்போது, மதகு எத்தனை இடத்தில் போட வேண்டும் என்று வரைபடத்தில் இருந்தது என்பதை அறிய அந்த வயற்காரருக்கு உரிமை உண்டு. வரைபடம், படம், அளவைத் திட்டம் எல்லாமே சட்டத்தின் பொருளில் தகவல்தான். அத்துடன் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டங்களையும், 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டங்களையும் பற்றி, ஆரம்பிப்பதற்கு மூன்று மாதம் முன்னதாகப் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக் கூடியோருக்கும் அறிவிக்கும் கடமை உரிய அமைச்சருக்கு உண்டு. கேளாமலே சொல்ல வேண்டிய ஒன்றைக் கேட்ட பின்னும் மறைப்பது எப்படி நியாயமாகும்?

வழக்கும் விசாரணையும்

சபையின் சட்டத்தரணி சபைக்குக் கொடுத்த ஆலோசனை, வெளியிடச் சட்டம் அனுமதியாத அளவுக்கு, காக்கப்படுகிறது. குற்றத்தைத் தடுப்பதற்கும் கண்டுபிடிப்பதற்கும் பாரதூரமான பாதிப்பு ஏற்படுமாயின் மறுக்கலாம். தகவல் கொடுத்தவரின் அடையாளமும் காக்கப்படும். மணல் ஏற்றுவோர் பற்றி முறைப்பாடு செய்தவர்களின் பெயரை மணல் ஏற்றுபவருக்கே கொடுத்தால் பின்னர் எவர் முறைப்பாடு செய்வார்? இந்த விலக்கு நியாயமானது.

நீதிமன்றம் சம்பந்தமான விலக்கு மிக ஒடுங்கியது. நீதிமன்றத்தை அவமதிப்பதாக அல்லது நீதித்துறையின் அதிகாரத்துக்கும் பாரபட்சமின்மைக்கும் ஊறு செய்வதாக அமையும் தகவலை மறுக்கலாம் என்பதே அது. "வழக்கு இருக்கிறது" என்பது மட்டும் போதாது. எல்லைத் தகராறு மாவட்ட நீதிமன்றில் இருப்பதனால் சபையின் ஆதனவரிப் பதிவேடு இரகசியமாகி விடுவதில்லை.

பாதுகாப்பு என்ற சொல்

வடக்கு கிழக்கில் இதுவே மிகக் கனமான சொல். அரசின் பாதுகாப்பு, ஆள்புல ஒருமைப்பாடு, தேசிய பாதுகாப்பு என்பவற்றுக்குக் கேடு விளைவிக்கும் தகவலை மறுக்கலாம். முகாமின் உட்புற அமைப்பை எவரும் கேட்கப்போவதில்லை. எமது மக்கள் கேட்பது வேறு: எங்கள் காணி எத்தனை பரப்பு யாருடைய பாவனையில் உள்ளது, அதை எடுப்பதற்குச் சட்டப்படி அறிவித்தல் உண்டா, விடுவிக்க எவர் எப்போது எழுதினார்?

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கு, கிழக்குப் பகுதிகளில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் வெளியானதை எவரும் மறந்திருக்க முடியாது. 2012இல் சம்பூரில் 818 ஏக்கர் முதலீட்டு வலயத்துக்கென வர்த்தமானியில் வெளியிடப்பட்டு, 2015இல் அது இரத்துச் செய்யப்பட்டது. இந்த இரண்டு கணக்கும் அரசாங்கமே பகிரங்கமாக அறிவித்த கணக்குகள். காணி சுவீகரிப்புச் சட்டமே, அறிவித்தலைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் காணிக்கு அருகே மக்கள் காணும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்கிறது. மரத்தில் ஒட்ட வேண்டிய அறிவித்தலின் பிரதி கந்தோருக்குள் மட்டும் பாதுகாப்பு இரகசியம் ஆவது எவ்வாறு? காணியின் விஸ்தீரணமும் அதன் சட்ட நிலைமையும் பாதுகாப்பு விடயம் அல்ல. சொத்து விடயம் என்பதே எமது துணிபு.

பொதுநலன் என்ற தராசு

மேற்கூறிய அனைத்துக்கும் மேலாக 5ஆம் பிரிவிலேயே ஒரு தராசு வைக்கப்பட்டுள்ளது. வெளியிடுவதால் வரும் பொது நன்மை, அதனால் வரும் தீங்கை விட அதிகமாயின் எந்த விலக்கையும் காட்டி மறுக்க முடியாது. 10 ஆண்டுக்கு மேற்பட்ட தகவலுக்குச் சில விலக்குகள் பொருந்தாமலும் போகின்றன. தனிப்பட்ட தகவல், பாதுகாப்பு, மருத்துவப் பதிவு போன்றவை மட்டும் தொடர்ந்து காக்கப்படும். ஆணைக்குழு முன் மேன்முறையீடு வரும்போது, தான் சட்டப்படி நடந்ததாக நிரூபிக்கும் பொறுப்பு கந்தோருடையது, கேட்டவருடையது அல்ல.

எந்தக் கந்தோரில் எது?

எமது மக்களிற் பலர் பிரதேச சபையையும் பிரதேச செயலகத்தையும் ஒன்றென எண்ணிக் கேட்கும் இடத்தை மாற்றிவிடுகின்றனர். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பிரதேச சபையே உள்ளூராட்சி மன்றம். கூட்டக் குறிப்புகள், வரவுசெலவுத் திட்டம், ஆதனவரி அல்லது சோலைவரிப் பதிவுகள், சபை வீதிகளின் விபரம், கட்டட அனுமதி, சந்தைக் குத்தகை ஆகியவற்றை அங்கு கேட்க வேண்டும். 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்து 2025 மே 6 தேர்தல் வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. அந்த இரண்டு வருடங்களின் தீர்மானங்களும் செலவுகளும் உறுப்பினர் எவரும் கேள்வி கேளாமல் நடந்தவை. ஆகவே அவற்றை மக்கள் கேட்பது மேலும் அவசியமாகிறது.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரங்களின் பேரேடு, காணிக் கச்சேரி முடிவுகள், பயனாளிப் பட்டியல்கள் ஆகியன பிரதேச செயலகத்தைச் சேர்ந்தவை. வயல் நிலம், செய்கையாளர் பற்றிய பதிவேடு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி கமநல சேவை நிலையத்துக்கு உரியது. உறுதிகளின் பதிவு காணிப் பதிவகத்தில் உள்ளது. இவை உள்ளூராட்சி மன்றங்கள் அல்லவாயினும் இதே சட்டம் இவற்றையும் கட்டுப்படுத்தும். வரிப்பதிவில் பெயர் இருப்பது மட்டும் காணி உரித்தை நிரூபிக்காது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். ஆனால் உறுதியை இழந்த குடும்பத்துக்கு அது வலுவான துணைச் சான்று.

யுத்தத்தில் பதிவேடு அழிந்துவிட்டது என்று பதில் வரக்கூடும். பல இடங்களில் அது உண்மையும்கூட. அப்படியானால் அதை எழுத்திற் பெறுங்கள். "எம்மிடம் இல்லை" என்ற கடிதம்கூடப் பின்னொரு நாள் காணி விசாரணையில் உங்களுக்கு உதவும்.

காலம் காத்திருக்காது

7ஆம் பிரிவின்படி, சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இருந்த பழைய பதிவேடுகளை அன்றிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகளும், பின்னர் உருவாகும் பதிவேடுகளை உருவான நாளிலிருந்து குறைந்தது 12 ஆண்டுகளும் பேண வேண்டும். 2017 பெப்ரவரியிலிருந்து கணக்கிட்டால், பழைய பதிவேடுகளுக்கு இச்சட்டம் தந்த கட்டாயக் காப்பு 2027 பெப்ரவரி வரைதான். எமக்கு வேண்டிய ஏடுகளோ பெரும்பாலும் 1980களையும் 1990களையும் சேர்ந்தவை. எனினும் ஒரு தகவலைக் கேட்டு விண்ணப்பித்துவிட்டால், அந்த விண்ணப்பமும் அதன் மேன்முறையீடும் முடியும்வரை அந்தப் பதிவேட்டை அழிக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. விண்ணப்பிப்பதே ஏட்டைக் காக்கும் வழியாகிறது.

கேட்கும் முறை கடினமானதன்று. தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். எழுத இயலாதவர் வாயாற் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் அலுவலர் நியமிக்கப்படாத இடத்தில் அந்நிறுவனத்தின் தலைவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார். ஒப்புதற் துண்டைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள். 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவு வரவேண்டும். மறுத்தால் எந்தப் பந்தியின் கீழ் என்று எழுத்திற் சொல்ல வேண்டும். அதன் பின் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதிலும் பயனில்லையேல் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

தனியாகக் கேட்கத் தயங்குவோர் உண்டு. நாளைக்கு இதே அதிகாரியிடம்தானே இன்னொரு அலுவலுக்குப் போகவேண்டும் என்ற பயம் நியாயமானதே. அதற்கும் வழி உண்டு. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பிரசைகளாக உள்ள எந்த அமைப்பும் இச்சட்டத்தின்படி பிரசையே. எனவே கமக்காரர் அமைப்பு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மீள்குடியேற்றக் குழு என்பவை தமது பெயரில் கேட்கலாம். ஒருவர் மீது விழக்கூடிய கோபம் நாற்பது பேர் மீது விழாது.

அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. அவர்களுட் பெரும்பாலோர் எமது ஊர்ப் பிள்ளைகளே, தாமும் இடம்பெயர்ந்தவர்களே. மறைத்து வைத்த கோவை அவர்களையும் காப்பதில்லை; நேர்மையாக எடுத்த முடிவின்மீதும் அது சந்தேகத்தையே வளர்க்கும். பயனாளிப் பட்டியலையும் மாதாந்தக் கூட்டத் தீர்மானங்களையும் அறிவித்தற் பலகையில் தாமாகவே இட்டால் பாதி விண்ணப்பங்களுக்குத் தேவை இருக்காது.

சங்கங்களுக்கு எமது வேண்டுகோள் இதுவே. அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். எந்தக் குடும்பத்தின் எந்தக் கடதாசி எந்தக் கந்தோரில் இருக்கக்கூடும் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அயலவரின் துயரைத் தோண்டும் கேள்விகளை விலக்குங்கள்; காணி, வீதி, நீர், பணம் பற்றிய கேள்விகளை வையுங்கள். முதலில் ஒன்றைக் கேளுங்கள். பதில் வந்தால் அதைக் கூட்டத்தில் வாசியுங்கள்; வராவிட்டால் மேன்முறையீட்டு நாளைக் கலண்டரில் குறித்து வைத்து அடுத்த கடிதத்தை எழுதுங்கள்.